அடுத்த நாளே கேட்கும் குளிசையும் எட்டுக் கிழமை எடுக்கும் குளிசையும்

எங்கள் மாமி இடியப்பம் பிழிவதை நிறுத்தியதுதான் முதல் அறிகுறி. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. விடிய ஐந்தரைக்கு எழும்பி மாவைக் குழைத்து உரலில் போட்டு அமத்துகிற மனுஷி, ஒருநாள் "கை பிடிக்குதில்லை, கடையில வாங்குங்கோ" என்றார். பத்து மணியானால் விரல் கொஞ்சம் இளகும். பின்னேரம் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருப்பார். அதனால் நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை. ஐம்பது தாண்டினால் வாதம் வரத்தானே செய்யும் என்றார்கள் அக்கம்பக்கத்தில். நோவெண்ணெய் பூசினார். உருளைக்கிழங்கும் பருப்பும் வாய்வு என்று ஒதுக்கினார். பிறகு இரண்டு கையிலும் விரல் மொளிகள் வீங்கின.

தெரிந்த ஒருவர் சொல்லி, ஒரு பாமசியில் பேர் எழுதாத சின்ன உறையில் வெள்ளைக் குளிசை வாங்கினார். மூன்றாம் நாள் விடிய குசினியில் உரல் சத்தம் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் அது என்ன குளிசை என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. முடிந்தால் போய் இன்னொரு உறை. அது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் என்று எங்கள் காதில் விழ மூன்று வருடம் ஆனது. அதற்குள் முகம் உருண்டுவிட்டது, தோல் மெலிந்து தட்டினாலே நீலம் பாய்ந்தது, முன்பு இல்லாத சீனி வருத்தமும் வந்திருந்தது. கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர், விரல் எலும்புகளின் ஓரத்தில் எலி கடித்தது போன்ற அரிப்புகளைக் காட்டினார். நோ குறைந்திருந்த அந்த மூன்று வருடத்திலும் மூட்டு உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அப்ப ஸ்டீரொயிட் இல்லாட்டி வேற என்ன இருக்கு?" கேட்கும்போதே பதிலையும் மனதில் வைத்திருப்பார்கள். லட்சக்கணக்கில் காசு போகும் வெளிநாட்டு ஊசி, அது எங்களுக்கு எட்டாது என்று. அந்த ஊசிகள் உண்மைதான். அவற்றைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் கொழும்பில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வேண்டியது அதுவல்ல. ஸ்டீரொயிட்டின் இடத்தை எடுக்கக்கூடிய மருந்துகளில் முக்கியமானவை எல்லாம் பழையவை, மலிவானவை, அரச வைத்தியசாலை கிளினிக்குகளில் எழுதிக்கொடுக்கப்படுபவை. அவற்றிடம் இல்லாதது வேகம் ஒன்றுதான்.

மருந்துக்கு முன் நோயைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். எங்கள் பேச்சில் "வாதம்" என்ற ஒரே சொல் பல நோய்களைச் சுமக்கிறது. வயதோடு முழங்கால் தேய்வது ஒன்று. சிக்குன்குனியா வந்துபோன பின் மாதக்கணக்கில் இழுக்கும் மூட்டு நோ இன்னொன்று. 2006இல் அது பரவியபோது கொழும்பில் சுவரைப் பிடித்து நடந்தவர்கள் எத்தனை பேர். மாமிக்கு வந்தது மூன்றாவது வகை: கிளினிக்கில் ருமடொயிட் என்பார்கள், புத்தகத் தமிழில் முடக்குவாதம். உடலின் நோயெதிர்ப்புப் படையே மூட்டின் உட்சவ்வை எதிரியாக நினைத்துத் தாக்குவது. உலகில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. தேய்மான நோ பாவிக்கப் பாவிக்கக் கூடும், சும்மா இருந்தால் ஆறும். இது நேர்மாறு. இரவு முழுக்கப் படுத்து எழும்பும்போதுதான் மோசமாக இருக்கும். விறைப்பு விட ஒரு மணித்தியாலமாவது எடுக்கும். சின்ன மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இந்த மாதிரியான விறைப்பும் வீக்கமும் ஆறு கிழமைக்கு மேல் நீடித்தால் எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமல்ல அது. முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சை மூட்டைக் காப்பாற்றுவது போல, இரண்டு வருடம் கழித்துத் தொடங்குவது காப்பாற்றாது.

1948 செப்டெம்பர் 21

ஸ்டீரொயிட்டுக்கு இவ்வளவு மவுசு வந்த கதையைச் சொல்லாமல் போகமுடியாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்று ஒரு மூட்டு வைத்தியர். மஞ்சட்காமாலை வந்தாலோ கர்ப்பம் தரித்தாலோ தன் முடக்குவாத நோயாளர்களுக்கு நோ குறைவதை அவர் வருடக்கணக்காகக் கவனித்து வந்தார். உடம்பே சுரக்கும் ஏதோ ஒன்று இந்த நோயை அடக்குகிறது என்பது அவருடைய ஊகம். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கென்டல் என்ற வேதியியலாளர் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரினல் சுரப்பியிலிருந்து பொருட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து, நடக்கமுடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதில் ஒன்றை ஊசியாக ஏற்றினார்கள். சில நாட்களில் அந்தப் பெண் நடந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். அந்தப் பொருள்தான் கோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட். இரண்டே வருடத்தில், 1950இல், ஹென்ச், கென்டல், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

அப்புறம்தான் கணக்கு வந்தது. நிறுத்தினால் நோய் திரும்பியது. நிறுத்தாமல் கொடுத்தால் முகம் உருண்டது, எலும்பு நொறுங்கியது, மனம் குழம்பியது. மாமியின் மூன்றாம் நாள் மகிழ்ச்சியும் மூன்றாம் வருடக் கணக்கும், உலகம் ஐம்பதுகளிலேயே பார்த்து முடித்த ஒன்று.

ஏன் இவ்வளவு வேகம்? ஸ்டீரொயிட் கலத்தின் கருவுக்குள்ளேயே போய், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை ஒரேயடியாக அணைக்கிறது. ஒரு லைட் நிற்கவேண்டுமென்று மெயின் சுவிட்சையே அணைப்பது போல. வீட்டில் மற்றதெல்லாமும் சேர்ந்துதான் நிற்கும். எலும்பு கட்டும் வேலை, கிருமியோடு சண்டைபிடிக்கும் வேலை, சீனியைக் கட்டுப்படுத்தும் வேலை எல்லாம் அதே இணைப்பில் இருக்கின்றன. எலும்பு இழப்பு முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் அதிவேகம். கண்ணில் கட்டராக்ட், இடுப்பு மூட்டில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு இறப்பது, அடங்கிக் கிடந்த காசநோய் எழும்புவது என்று பட்டியல் நீளும். சீனி வருத்தம் மலிந்த எங்கள் ஊருக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். காலையில் பிரெட்னிசொலோன் குடித்தால் சீனி ஏறுவது பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு. விடிய வெறும் வயிற்றில் பார்க்கும் பரிசோதனை நல்ல இலக்கத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். மாமியின் சீனி அப்படித்தான் ஒரு வருடம் பிடிபடாமல் போனது.

குறைந்த அளவு என்றால் பரவாயில்லையா? நியாயமான கேள்வி, வைத்தியர்களுக்கிடையிலேயே இதில் நீண்ட விவாதம் உண்டு. குறைந்த அளவு ஸ்டீரொயிட் மற்ற மருந்தோடு சேரும்போது எலும்பு அரிப்பைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது என்பது உண்மை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நாளுக்கு 5 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த குளோரியா என்ற ஐரோப்பிய ஆய்வு 2022இல் வந்தது. நோய் அடங்கியது, மூட்டுச் சேதமும் குறைந்தது. ஆனால் குறிப்பிட்ட பக்கவிளைவு ஒன்றாவது வந்தவர்கள் ஸ்டீரொயிட் குடித்தவர்களில் நூற்றுக்கு 60, வெற்றுக் குளிசை குடித்தவர்களில் 49. கூடியது பெரும்பாலும் தொற்றுகள். இதை இரண்டு பக்கமும் வாசிக்கலாம், வாசித்தும் இருக்கிறார்கள். அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2021 வழிகாட்டி மூன்று மாதத்துக்கு மேல் போவதைக் கடுமையாகவே எதிர்க்கிறது. ஐரோப்பியர்கள் கொஞ்சம் மென்மை: தொடக்கத்தில் கொடுக்கலாம், முடிந்த வேகத்தில் குறைத்து நிறுத்து என்கிறார்கள். என் கணக்கில் இந்த விவாதமெல்லாம் வைத்தியர் கண்காணிக்கும் 5 மில்லிகிராம் பற்றியது. பேரில்லாத உறைக்குள் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்?

மெதுவாக வேலை செய்யும் ஒன்று

ஸ்டீரொயிட் குடும்பத்தில் சேராமல், நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளில் முதல் இடம் மெதொட்ரெக்சேட்டுக்கு. அதன் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். கதர் உடுத்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போக, முழு மருத்துவப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்சக் காலம் படிப்பித்துவிட்டு அமெரிக்கா போனார். லெடர்லி நிறுவனத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆராயும்போது, அதைப் போலவே உருவம் கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களை உண்டாக்கியது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க வைத்தியர் அவற்றில் ஒன்றைக் கொடுத்தார். அதன் நெருங்கிய உறவுதான் மெதொட்ரெக்சேட். சுப்பாராவ் இறந்தது 1948 ஆகஸ்டில், மேயோவில் அந்தக் கோட்டிசோன் ஊசி போடுவதற்கு ஏறத்தாழ ஆறு கிழமை முன்பு.

இந்தக் குடும்ப மருந்து முடக்குவாதத்துக்கும் கேட்கிறது என்று 1951இலேயே ஒரு அறிக்கை வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டிசோன் மயக்கத்தில் இருந்த உலகத்துக்கு மெதுவான மருந்து எதற்கு? மைக்கேல் வைன்பிளாட் குழு 28 நோயாளர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது 1985இல். அமெரிக்க அனுமதி 1988இல். முப்பது வருடத்துக்கு மேல் அது அலுமாரியில் கிடந்ததற்கு இந்த வேக மயக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மெதொட்ரெக்சேட்டைக் கிழமைக்கு ஒருநாள் மட்டும்தான் எடுக்கவேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில்லை இது. கிழமைக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை. 2.5 மில்லிகிராம் குளிசையென்றால் ஒரே நாளில் ஆறு, எட்டு என்று வரும். இதைத் தினமும் என்று பிழையாக விளங்கிக் குடித்து, இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை அடங்கி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. நாங்கள் மாமிக்கு வியாழக்கிழமை என்று பிடித்தோம்; சுவர்க் கலண்டரில் எல்லா வியாழனையும் சிவப்பால் வட்டம் போட்டுவிட்டார். மற்றொரு நாளில் ஃபோலிக் அமிலக் குளிசை, வயிற்றுப் பிரட்டலும் வாய்ப்புண்ணும் குறைய. வாய் திடீரென்று புண்ணாகினால், காய்ச்சல் வந்தால், வறட்டு இருமலும் மூச்சு முட்டலும் தொடங்கினால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். சலத்தொற்றுக்கு எழுதப்படும் டிரைமெதோபிரிம் சேர்ந்த அன்டிபயோட்டிக்குகள் இதனோடு சேரக்கூடாது. வேறு எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் மெதொட்ரெக்சேட் என்று சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் சில கிழமைக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம், ஈரல், சிறுநீரகம் பார்ப்பார்கள். மதுவும் இதுவும் ஈரலில் மோதும்.

இத்தனை கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொண்டு குடிக்கத் தொடங்கினால், ஒன்றும் நடக்காது. முதல் கிழமை ஒன்றுமில்லை. மூன்றாம் கிழமை லேசாக வயிற்றைப் பிரட்டும், நோ அப்படியே இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு கிழமை போனால்தான் மருந்து தன் வேலையைக் காட்டும். எங்கள் ஆட்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். "அந்த டொக்டரின்ர குளிசை சரியில்லை, முந்தினதுதான் சுகம்" என்று மாமியே நாலாம் கிழமை சொன்னார். பழைய உறை இன்னும் லாச்சிக்குள் இருந்தது வேறு.

ஸ்டீரொயிட்டுக்கு நியாயமான இடம் இருப்பதும் இதே இடைவெளியில்தான். மெதொட்ரெக்சேட் எழும்பும்வரை சில கிழமைகளுக்கு அளவோடு பிரெட்னிசொலோன், அல்லது ஒரேயொரு தசை ஊசி, அல்லது அடங்காத ஒரு முழங்காலுக்குள் நேரடி ஊசி. எப்போது நிறுத்துவது என்று தொடங்கும் நாளிலேயே எழுதிவைத்துக் கொடுக்கிற வைத்தியர் கெட்டிக்காரர். அதனால் ஸ்டீரொயிட்டே விஷம் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

மலேரியாக் குளிசை வந்து சேர்ந்த கதை

ஒரு மருந்து போதாவிட்டால்? இங்கேதான் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி இருக்கிறது. மெதொட்ரெக்சேட்டோடு சல்பாசலசினும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் சேர்த்து மூன்றாகக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 2013இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளை மையமாக வைத்து 353 பேரில் ஒரு ஆய்வு நடந்தது. மெதொட்ரெக்சேட் மட்டும் போதாமல் போனவர்களில் பாதிப்பேருக்கு இந்த மூன்று பழைய மருந்து. மற்றப் பாதிக்கு மெதொட்ரெக்சேட்டோடு விலைகூடிய எட்டனர்செப்ட் ஊசி. 24 கிழமையில் முன்னேறாதவர்களை மற்றப் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் முடியும்போது மூன்று மருந்துக் கூட்டு ஊசிக்குப் பின்தங்கவில்லை. காசுள்ள நாட்டின் ஆய்வு, ஆனால் அதன் முடிவு எங்களுக்காகவே எழுதினது போல இருக்கிறது.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எங்கள் அம்மம்மாமாருக்குப் பழக்கமான குளோரோகுயினின் தங்கை. இரண்டாம் உலகப் போரில் மலேரியாத் தடுப்புக்கு மெப்பகிரின் குடித்த படையினரில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டு நோவும் குறைந்ததைப் பார்த்துத்தான் இந்தக் குடும்பம் மூட்டு வைத்தியத்துக்குள் வந்தது. 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சல் போனாலும் குளிசை எங்களோடு தங்கிவிட்டது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் சாது மருந்து. உடல் நிறைக்கு ஏற்ற அளவை மீறாமல் இருப்பதும், நீண்ட காலம் எடுப்பவர்கள் கண்ணின் விழித்திரையைக் கிரமமாகச் சோதிப்பதும் போதும். சல்பாசலசின் சலத்தைச் செம்மஞ்சளாக்கும். பயப்பட வேண்டாம். லெஃப்ளுனொமைட் என்று இன்னொன்றும் உண்டு. மெதொட்ரெக்சேட் ஒத்துவராதவர்களுக்கு உதவும். தங்கத்தையும் ஒரு காலத்தில் ஊசியாக ஏற்றினார்கள், 1929இல் பிரான்சின் ஜாக் ஃபொரெஸ்டியே தொடக்கிவைத்தது. தங்க பஸ்பம் கேள்விப்பட்ட எங்களுக்கு அது விநோதமில்லை. இப்போது அந்த ஊசி அநேகமாக வழக்கொழிந்துவிட்டது.

பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண்கள் இதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லவேண்டும். மெதொட்ரெக்சேட்டும் லெஃப்ளுனொமைட்டும் கருவைப் பாதிக்கும். லெஃப்ளுனொமைட் நிறுத்திய பின்னும் நீண்ட காலம் உடம்பில் நிற்கும். ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் சல்பாசலசினும் கர்ப்ப காலத்தில் தொடரக்கூடியவை. மாமியாருக்கு முன்னால் இதைப் பேசக் கூச்சப்பட்டு மருந்துத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வரும் இளம் பெண்கள் இருக்கிறார்கள். தனியாகப் போய்க் கேளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

எந்த மருந்து என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார்கள் என்பது பெரிய விஷயம் என்று காட்டிய ஆய்வு ஒன்றை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்தது, 2004இல் வெளிவந்தது. ஏறத்தாழ 110 பேர். இரண்டு பகுதிக்கும் கிடைத்தவை அதே பழைய மருந்துகள். விலைகூடிய புது ஊசி எதுவும் கிடையாது. ஒரு பகுதியை வழக்கப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். மற்றப் பகுதியை மாதாமாதம் வரவழைத்து, வீங்கிய மூட்டுகளை எண்ணி, ஒரு இலக்கத்துக்குக் கீழே வராவிட்டால் மருந்தைக் கூட்டினார்கள், சேர்த்தார்கள், வீங்கிய மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். பதினெட்டு மாதத்தில் நோய் அடங்கிப்போனவர்கள் வழக்கப் பகுதியில் நூற்றுக்கு 16. மாதாமாதப் பகுதியில் 65.

இதைக் கொழும்பில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். தேசிய வைத்தியசாலையில் வாதநோய்ப் பிரிவு இருக்கிறது. றாகமவில் இதற்கென்றே ஒரு வைத்தியசாலை. இலங்கையில் இந்தத் துறையின் பேரே வாதநோயும் புனர்வாழ்வும் என்றிருப்பது எனக்குப் பிடித்த விஷயம். விரல் பயிற்சி சொல்லித்தருபவர்களும், திருவலையை எப்படிப் பிடித்தால் மணிக்கட்டுக்குப் பாரம் குறையும் என்று காட்டுபவர்களும் அதே கூரைக்குக் கீழே இருப்பார்கள். வைத்தியம் இலவசம். ஆனால் விடியவே போய் நம்பர் எடுத்து, கிளினிக் கொப்பியோடு மத்தியானம் வரை குந்தியிருந்தால், வைத்தியருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் "எப்படி, பரவாயில்லையா?" என்பதற்கு எங்கள் சனம் சொல்வது "பரவாயில்லை டொக்டர்". துண்டில் பழைய மருந்தே திரும்பவும் எழுதப்படும். காசு கட்டி சனல் பண்ணிப் பார்த்தாலும் இந்தப் பழக்கம் மாறுவதில்லை. மாமியின் மகள் ஒரு வேலை செய்தார். விடியவிடிய விறைப்பு எத்தனை நிமிடம், எந்த மொளி வீக்கம், நோவெண்ணெயோ வலிக்குளிசையோ எத்தனை தரம் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாவது கிளினிக்கில் வைத்தியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மெதொட்ரெக்சேட்டை 10இலிருந்து 20க்குக் கூட்டினார். அதற்கு முன் இரண்டு தரமும் அதே 10.

ஊசிகளின் விஷயத்துக்கு வருவோம். 1992இல் லண்டன் சேரிங் குரொஸ் வைத்தியசாலையில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற ஒற்றைப் புரதத்தை மட்டும் பிடித்துக் கட்டும் மருந்தை முதலில் 20 முடக்குவாத நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்தவை இன்ஃபிளிக்சிமப், எட்டனர்செப்ட், அடலிமுமப். வேறு புள்ளிகளைத் தாக்குபவை ரிட்டக்சிமப்பும் டோசிலிசுமப்பும். மெயின் சுவிட்சைத் தொடாமல் ஒரு லைட்டை மட்டும் அணைப்பவை இவை. நோய் கடுமையாக இருந்து பழைய மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்தும் அடங்காதவர்களுக்கு இவை வாழ்க்கையையே திருப்பித் தருகின்றன. ஆனால் டி.என்.எஃப்தான் நுரையீரலில் பழைய காசநோய்க் கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டி வைத்திருப்பது. அதைத் தடுத்தால் சுவர் இடியலாம். அதனால்தான் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும். ரிட்டக்சிமப் என்றால் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனையும். பயோசிமிலர் எனப்படும் நிகர் மருந்துகள் வந்தபின் விலை இறங்கியிருக்கிறது. இறங்கியும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பாரம்தான்.

குளிசையாகவே கிடைக்கும் டொஃபாசிடினிப் போன்றவை பிறகு வந்தவை. ஊசிக்குப் பயந்தவர்களுக்குக் கவர்ச்சிதான். 50 வயது தாண்டி, இதய நோய்க்கான ஆபத்து ஏதாவது உள்ள 4,362 பேரில் நடந்த ஆய்வு 2022இல் வந்தபோது, மாரடைப்பு போன்றவையும் சில புற்றுநோய்களும் டி.என்.எஃப் ஊசிக்காரரைவிட இந்தக் குளிசைக்காரரில் கூடுதலாகத் தெரிந்தன. புகைப்பவர்களும் இதய வருத்தக்காரரும் இரண்டு தரம் யோசிக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. சுதேச வைத்தியத்தில் எனக்கு விரோதமில்லை; எண்ணெய் பூசி உருவுவதில் வரும் ஆறுதல் எனக்கும் தெரியும். ஆனால் பேரில்லாத ஒரு சூரணமோ குளிசையோ இரண்டே நாளில் முடக்குவாத நோவை எடுத்தால், பக்கெட்டில் மூலிகை என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஸ்டீரொயிட் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். மூட்டு நோவுக்கான இயற்கைக் குளிசை என்று விற்கப்பட்ட ஆர்ட்ரி கிங்குக்குள் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டும் டைக்குளோஃபெனாக் என்ற வலிமருந்தும் ஒளிந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. இந்த வேகம் மூலிகைக்கு இல்லை, மெதொட்ரெக்சேட்டுக்கும் இல்லை.

சரி, வருடக்கணக்காக ஸ்டீரொயிட் குடித்துவிட்டவர்கள் என்ன செய்வது? இதை வாசித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்று நாலு கிழமைக்கு மேல் குடித்தாலே அதிரினல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கத் தொடங்கும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே முதலில் மெதொட்ரெக்சேட் போன்ற ஒன்று கால் ஊன்றவேண்டும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும், அதுவும் வைத்தியர் சொல்லும் கணக்கில். டெங்குக் காய்ச்சலோ சத்திரசிகிச்சையோ குறுக்கே வந்தால் குறைப்பதை நிறுத்தி, சில வேளை கூட்டவும் வேண்டிவரும். கொழும்பில் மழைக்காலத்தில் இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது. டெங்குவுக்கு டைக்குளோஃபெனாக் மாதிரி வலிக்குளிசைகள் கூடவே கூடாது. எலும்புக்கு கல்சியமும் வைட்டமின் டியும், தேவைப்பட்டால் எலும்பைக் கெட்டியாக்கும் மருந்தும் கேட்டு வாங்கவேண்டும்.

எல்லோராலும் பூச்சியத்துக்கு வரமுடியாது. 2020இல் வெளிவந்த செமிரா என்ற ஆய்வில், டோசிலிசுமப் எடுத்து நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனை நாலு மாதத்தில் படிப்படியாக நிறுத்தினார்கள். நூற்றுக்கு 65 பேர் நோய் கிளம்பாமல், சுரப்பியும் தடுமாறாமல் தாக்குப்பிடித்தார்கள். 5ஐத் தொடர்ந்தவர்களில் 77. வித்தியாசம் உண்டு. ஆனால் நிறுத்தியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அந்தக் குளிசை இனித் தேவைப்படவில்லை என்பதையும் அதே இலக்கம் சொல்கிறது.

மாமிக்குப் பிரெட்னிசொலோன் 10இலிருந்து 5க்கு இறங்க ஏழு மாதம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, மெதொட்ரெக்சேட் தேடி அரச பாமசியான ஒசுசலவில் தொடங்கிக் கொட்டாஞ்சேனை வரை அலைந்து வெறுங்கையோடு வந்த கிழமைகளில் வீக்கம் திரும்பியது. குறைத்த பிரெட்னிசொலோனை வைத்தியர் திரும்ப 7.5 ஆக்கினார். அப்புறம் மறுபடியும் இறக்கம். இப்போது 2.5இல் நிற்கிறது, கூட மூன்று பழைய மருந்தும். முகம் பழைய முகமாகிவிட்டது. சீனிக் குளிசை இன்னும் போகவில்லை. விரல்களில் இரண்டு வளைந்தது வளைந்ததுதான். உரலை அமத்தும் பலம் அந்தக் கைக்கு வரவில்லை என்பதால் மாமி மாவை மட்டும் குழைத்துக் கொடுக்கிறார், பிழிவது நான். கோணலாக வருகிறது என்று பக்கத்தில் நின்று ஏசுவார்.